வழக்கொழிந்த ஆங்கிலமும் சித்தூர்ச் சீமையும்

ஆங்கிலப் பேரகராதிகள் பல சொற்களின் அருகே ஒரு சிறு குறிப்பு இடுகின்றன: பழைய வழக்கு, அரிய வழக்கு, வழக்கொழிந்தது, இந்தியாவில் மட்டும். 1884-இல் முதல் பகுதி வெளியாகி 1928-இல் நிறைவடைந்த ஆக்ஸ்போர்டு அகராதி, வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் கத்தி வடிவக் குறி ஒன்றையே இட்டது. அப்படி ஒதுக்கப்பட்ட சொற்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குள் வந்தால் அவை நடமாடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒன்று கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இன்னொன்று வனத்துறையின் வழக்குப் பதிவில் இருக்கிறது. மற்றொன்று வருவாய் அலுவலகக் கோப்பில், வேறொன்று நெடுஞ்சாலையோரக் கடையின் பெயரில்.

இந்தச் சொற்களுக்கு அகராதிகள் தரும் பொருள் பெரும்பாலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கலெக்டர்களும் நீதிபதிகளும் தங்கள் வேலைக்காக எழுதிவைத்தது. இங்கே அவற்றை அன்றாடம் புழங்குபவர்களைக் கேட்டு அதை யாரும் முழுமையாகத் திருத்தவில்லை. அந்தத் திருத்தம் இங்கிருந்துதான் வர வேண்டும் என்பது என் வாதம். தமிழும் தெலுங்கும் ஒருசேர அறிந்தவர்களே அதைச் செய்ய முடியும்.

சித்தூரை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? 1801 ஜூலை 31-இல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் கர்நாடகப் பகுதி முழுதும் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. ஆற்காட்டின் வடபகுதிக்கு ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் கலெக்டரானார். வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூரில்தான் இருந்தது. 1911-க்குப் பிறகே வேலூருக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது கடப்பையிலிருந்து மதனப்பள்ளியும் வாயல்பாடும் சேர்க்கப்பட்டன. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானது. இத்தனை முறை எல்லை மாறியும் பழைய கோப்புகளின் மொழி மாறவில்லை. தமிழ், தெலுங்கு, பாரசீகம், மராத்தி, போர்த்துகீசியம் எல்லாம் கலந்த ஓர் ஆங்கிலத்தில் கும்பெனி இந்தச் சீமையை ஆண்டது. அதற்கு ஈடான நல்ல களம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அந்த ஆங்கிலத்துக்குப் பொருள் எழுதும் வேலை சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட, கும்பெனி நிர்வாகம் பற்றிய ஐந்தாம் அறிக்கையில் ஜமீன், ஜாகீர், பாளையம் என்று உறுப்பினர்களுக்குப் புரியாத சொற்கள் நிறைந்திருந்தன. அதற்காக சார்லஸ் வில்கின்ஸ் 1813-இல் ஒரு சொற்பொருள் விளக்கம் தொகுத்தார். 1840-களில் கும்பெனி, வரைவு அகராதி ஒன்றை வெற்று இடங்களோடு அச்சிட்டு இந்தியாவெங்கும் உள்ள அதிகாரிகளுக்கு அனுப்பி நிரப்பச் சொன்னது. திரும்பி வந்தவற்றில் பயனுள்ளவை குறைவு. இருந்தும் ஆக்ஸ்போர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் ஹெச். ஹெச். வில்சன் அவற்றைச் சேர்த்து 1855-இல் நீதி, வருவாய்த் துறைச் சொல் அகராதியைக் கொண்டுவந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1852-இல், தெலுங்குக்குப் பேருதவி செய்த சி. பி. பிரவுன் தம் தெலுங்கு–ஆங்கில அகராதியோடு, ஜில்லா அலுவலகச் சொற்களுக்கென்றே தனி அகராதியும் வெளியிட்டுவிட்டார். கடப்பையில் உழைத்தவர் அவர். பின்னாளில் சித்தூரோடு சேர்ந்த மதனப்பள்ளி அன்று அவருடைய கடப்பைச் சீமையில் இருந்தது. கச்சேரியில் நடந்த பேச்சை நேரடியாகக் கேட்டு எழுதியவர் என்பதால் பிரவுனின் விளக்கங்களில் மற்றவர்களிடம் கிடைக்காத மண்வாசனை உண்டு.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1886-இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன். ஹென்ரி யூல் என்ற ராணுவ அதிகாரியும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னலும் சேர்ந்து உருவாக்கியது. பர்னல் 1882-இல் இறந்துவிட்டார். நூலை அவர் பார்க்கவில்லை. 1903-இல் வில்லியம் குரூக் அதை விரிவாக்கினார். முஹர்ரம் ஊர்வலத்தின் ‘யா ஹசன், யா ஹுசைன்’ முழக்கம் வெள்ளைக்காரச் சிப்பாயின் வாயில் சிதைந்ததே அந்தப் பெயர். இன்னொருவரின் துயரக் குரலைக் காது தவறிக் கேட்டதையே ஓர் அகராதிக்குப் பெயராக வைத்தது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் உழைப்பின் அளவில் அதற்கு இணை இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்றவற்றைத் தமிழிலிருந்து பெற்றவை என்றே அது சொன்னதில் தஞ்சை நீதிபதியின் பங்கு தெரிகிறது. சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் அதில் அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன.

இனிச் சொற்களுக்கு வருவோம்.

முதலில், இங்கிலாந்தே மறந்துபோன ஒன்று. சேஷாசல மலைகளில் வளரும் செம்மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரெட் சாண்டர்ஸ்’ என்று பெயர். சாண்டர்ஸ் ஆளின் பெயரல்ல, பன்மையும் அல்ல. சமஸ்கிருதச் சந்தனம் கிரேக்கம், லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்த வடிவம் அது. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் ஏட்டில் உணவுக்குச் செந்நிறம் ஏற்றும் பொருளாக இந்த மரத்தூள் வருகிறது. அதாவது இங்கே பிறந்த மரம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் அரண்மனைச் சமையலறையை எட்டியிருந்தது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் அதை விலைமதிப்புள்ள இந்திய மரவகை என்று விளக்கினார். பிறகு சாண்டல் என்ற வடிவம் மேலோங்கிச் சாண்டர்ஸைத் தள்ளிவிட்டது. இன்று இங்கிலாந்தில் ஒரு தச்சரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் விழிப்பார். திருப்பதியிலோ அது தினசரிச் செய்தி.

அகராதிகள் இதை ‘சிவப்புச் சந்தன மரம்’ என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த விளக்கம் போதாது. தவறான எண்ணத்துக்கும் இடம் கொடுக்கிறது. சந்தனம் வேறு குடும்பம். செம்மரம் அவரையும் வேங்கையும் சேர்ந்த குடும்பம். செம்மரத்துக்கு வாசனை கிடையாது. அதன் மதிப்பு நிறத்திலும் வைரத்திலும் இருக்கிறது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்புக் கருவிக்கும் சீனத்தில் உயர்ந்த அறைகலன்களுக்கும் அது போகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அந்த மரம் 1995-இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. நாளிதழ்கள் சாண்டர்ஸைப் பன்மை என்று நினைத்து ‘ரெட் சாண்டர்’ என்று ஒருமை ஆக்கி எழுதுவதைப் பலமுறை பார்க்கிறோம். ஒரு சொல் புதுவடிவம் எடுப்பது இப்படித்தான். இந்த வடிவத்தையும் அகராதி பதிவு செய்தாக வேண்டும்.

2015 ஏப்ரல் 7-இல் சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலை, சித்தேரி மலை போன்ற இடங்களின் ஏழைக் கூலிகள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு அது செம்மரம். தெலுங்கில் எர்ர சந்தனம். சட்டத்திலும் குற்றப்பத்திரிகையிலும் ரெட் சாண்டர்ஸ். நம் மலைமக்கள் மீது வழக்கு தொடரும் சொல் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையலறையிலிருந்து வந்தது என்பதை அந்த வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? இந்தச் சொல்லின் விளக்கத்தில் 2015-க்கும் இடம் வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஒரு சொல் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதும் அதன் பொருளில் அடக்கம்.

டிபன் இவ்வளவு கனமானதல்ல, ஆனாலும் அதே கதை. 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியில் ‘டிஃபிங்’ என்பதற்கு வேளை தவறி உண்பதும் குடிப்பதும் என்று பொருள். யூல் அதிலிருந்தே டிபன் வந்தது என்று காட்டினார். தாய்நாட்டில் அந்தப் பேச்சு வழக்கு மறைந்தது. கும்பெனி ஊழியர்களோடு இங்கே வந்து நிலைத்தது. இன்றும் ஆங்கில அகராதிகள் அதை மதியத்தில் உண்ணும் இலேசான உணவு என்று விளக்குகின்றன. பலமனேர்ச் சாலையில் காலை ஏழு மணிக்கு ‘டிபன் சென்டர்’ பலகையின் கீழ் இட்லிக்கு நிற்பவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. மதியத்தில் நாம் சாப்பிடுவது சாப்பாடு. டிபன் காலைக்கும் மாலைக்கும் உரியது.

டான்ஷர் என்ற சொல்லும் அப்படியே. கிறித்துவத் துறவிகளின் உச்சிமயிர் மழிக்கும் சடங்கு என்று அகராதிகள் விளக்கும். கத்தோலிக்கத் திருச்சபையில் குருநிலையில் சேர்வோருக்கான அந்தச் சடங்கை ஆறாம் பால் பாப்பரசர் 1972-இல் நீக்கிவிட்டார். திருமலைக் கல்யாணகட்டாவிலோ ஆணும் பெண்ணும் குழந்தையுமாக வந்து முடிகாணிக்கை செலுத்தும் இடத்துக்கான ஆங்கிலச் சொல் அதுவே. உலகில் இந்தச் சொல்லை இன்று மிக அதிகமாகப் பயன்படுத்தும் ஊர் திருமலையாகத்தான் இருக்க வேண்டும். அகராதியில் அதற்கு ஒரு வரியும் இல்லை என்றால் குறை அகராதியுடையது. தேருக்கு ‘கார்’ என்று சொல்வதும் பழைய ஆங்கிலக் கவிதை வழக்குத்தான். நம் கோயில் ஊர்களின் ‘கார் ஃபெஸ்டிவல்’ அழைப்பிதழைப் படித்து மோட்டார் கண்காட்சி என்று நினைக்கும் வெளிநாட்டார் மீது தவறில்லை.

அடுத்து, நம்மிடமிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டு, பிறகு ஒரே ஒரு பொருளோடு பெட்டியில் பூட்டிவைத்த சொற்கள். ஹுண்டியை இதில் முதலாவதாக வைப்பேன். ஹாப்சன்–ஜாப்சனிலும் அதற்குப் பின் வந்த அகராதிகளிலும் அது வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப எழுதித்தந்த மாற்றுச்சீட்டு. 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய சீட்டுகளின் உள்ளூர் வழக்கங்களைத் தொடாமல் விட்டது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய தொழிலில் அந்தச் சீட்டுக்குப் பெரிய இடம் உண்டு. திருப்பதியில் ஹுண்டி என்றால் காணிக்கை செலுத்தும் கொப்பரை. ஆங்கில நாளிதழ்கள் மாதந்தோறும் ‘ஹுண்டி வருமானம்’ வெளியிடுகின்றன. அகராதியை மட்டும் நம்பி அதைப் படிப்பவர், ஏழுமலையான் வட்டிக்கடை நடத்துகிறார் என்று முடிவுகட்டினாலும் கட்டுவார். தமிழில் இரண்டுக்கும் உண்டியல் என்ற ஒரே சொல் உண்டு. இலங்கைத் தமிழர்களிடம் மூன்றாவது பொருளும் வாழ்கிறது: வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அல்லாமல் நம்பிக்கையான ஆள் வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்புவது உண்டியல். இந்த மூன்றையும் ஒரே பதிவில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் ஓட்டம் புரியும்.

சௌல்ட்ரியும் அதேபோல. சாவடி என்ற நம் சொல்லின் உருமாற்றம். வழிப்போக்கர் தங்கும் மண்டபம் என்றும், பொதுக்காரியம் நடக்கும் இடம் என்றும் யூல் சரியாகவே விளக்கினார். தென்னிந்தியாவுக்கே உரியது என்றும் குறித்தார். பழைய சென்னையில் சாவடி நீதிமன்றமே இருந்தது. பெரும்பாலான ஆங்கிலேயருக்கு அது இன்று வரலாற்று நூலில் மட்டும் உள்ள சொல். திருப்பதி ரயில் நிலையத்தை ஒட்டித் தேவஸ்தானம் நடத்திய தங்குமிடங்களுக்கு அண்மைக்காலம் வரை அதுதான் பெயர். ஆட்டோக்காரரும் ‘செகண்ட் சௌல்ட்ரி’ என்றே சொல்வார். பெங்களூரிலோ அதே சொல் கல்யாண மண்டபத்தைக் குறிக்கும். ரயிலில் சில மணிநேரத் தூரத்துக்குள் பொருள் மாறிவிடுகிறது. எந்த அகராதியும் இதைச் சொல்வதில்லை.

ஏரிக்கு ‘டேங்க்’ என்று பெயர் வந்த கதையில் அறிஞர்களுக்குள் ஒருமித்த முடிவில்லை. குஜராத்திச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் கலந்தது என்பது பலர் கருத்து. நீர்நிலையைக் குறித்த சொல் நீர்த்தொட்டிக்குப் போய், 1916-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் புதிய போர் வண்டியை மறைத்துச் சொல்ல அதைப் பயன்படுத்தியதும் இன்று உலகம் முழுதும் அந்தக் கடைசிப் பொருளே முன்னால் நிற்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதிக்கு அருகே ராயல செருவின் கரையில் கசிவு கண்டு கீழே உள்ள ஊர்களைக் காலிசெய்யச் சொன்னபோது, ஆங்கிலச் செய்திகள் ‘டேங்க்’ என்றுதான் எழுதின. விஜயநகரக் காலத்து ஏரி அது. தொட்டி உடைந்தால் ஏன் ஊர் ஊராகக் காலிசெய்ய வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்டிருக்கக்கூடும். ஏரியை வெட்டியவருக்கும் பழுதுபார்த்தவருக்கும் விளைச்சலிலோ வரியிலோ ஒரு பங்கை விட்டுக்கொடுத்த மானியத்துக்குத் தசபந்தம் என்று பெயர். சித்தூர், கடப்பைப் பக்கம் மிகப் பரவலாக இருந்த ஏற்பாடு. இந்தச் சீமையின் நீர்ப்பாசன வரலாற்றைப் புரிந்துகொள்ள டேங்கைவிடத் தசபந்தம் முக்கியமானது. பொது அகராதிகளில் அதைத் தேடினால் கிடைக்காது.

பகோடாவுக்கு இன்றைய ஆங்கிலத்தில் பர்மா, சீன நாட்டு அடுக்குக் கோபுரம் என்றே பொருள். கும்பெனிக் கோப்புகளில் அது இந்துக் கோயில். 1803-இல் ஸ்ட்ராட்டன் திருமலைக் கோயிலின் பூசை, செலவு, நிலம் பற்றி அனுப்பிய அறிக்கையும் ‘திருப்பதி பகோடா’வைப் பற்றியதுதான். அதே சொல் நாணயத்துக்கும் பெயர். தமிழில் வராகன். நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம், பணம் ஒன்றுக்கு 80 காசு. 1818-இல் ரூபாய் நிலைநாணயமானபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். கும்பெனி தன் தங்க நாணயம் ஒன்றில் தேவியர் இருவரோடு வேங்கடேசரையே பொறித்தது. ‘மூன்று சுவாமி பகோடா’ என்றார்கள். இங்கே ஒரு பரவலான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது சரியல்ல. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சீனத்து ஓட்டைக்காசு போன்ற சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ்தான் போர்த்துகீசியர் வழியாகத் தமிழ்க் காசிலிருந்து போனது. நமக்கு உரியதைச் சரியாக உரிமை கோருவோம், போதும்.

வண்டிக்கு ‘பேண்டி’, கிடங்குக்கு ‘கோடவுன்’. முதலாவது தெலுங்கு பண்டிக்கு நெருக்கம். இரண்டாவது மலாய் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது என்பர்; அதன் மூலம் தெலுங்கா தமிழா என்று பிரித்தெடுப்பது கடினம். சித்தூர்க்காரர்களுக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் விளக்கம் பிழைத்தால் குழப்பம் மட்டுமே வரும். சில சொற்களில் விளக்கமே ஆட்சி செய்திருக்கிறது. பாளையக்காரர் ‘பொலிகார்’ ஆனார். காடும் மலையுமான பகுதிகளை வைத்திருந்த, கொள்ளையிடும் பழக்கமுள்ள சிற்றரசர் என்ற கருத்தில்தான் யூல் விளக்கினார். புலிச்சர்லா, கல்லூர், பாகாலா என்று இன்று பேருந்தும் ரயிலும் நிற்கும் ஊர்கள் அன்று சித்தூர்ப் பாளையங்கள். கும்பெனி கேட்ட பேஷ்கஷ் என்ற கப்பத்துக்கும் அதிகாரத்துக்கும் அவர்கள் பணிய மறுத்தபோது 1804-இல் படை வந்தது; பாளையங்கள் பறிபோயின. பறித்தவர்கள் எழுதிய அகராதியில் பறிகொடுத்தவர்கள் கொள்ளைக்காரர் ஆனார்கள். காவல் முறையும் ஊழியத்துக்கு மானிய நிலம் பெற்ற கட்டுபடி வீரர்களும் ஏரிப் பராமரிப்பும் அந்தப் பாளையங்களில் எப்படி நடந்தன என்பது அந்த விளக்கத்தில் இல்லை.

மிராசு அடுத்தது. அரபியில் வாரிசுரிமை. அந்த ஒரு சொல்லின் பொருளை நிறுவவே சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1818-இல் பதினேழு வினாக்களுக்கு விடையாக ஒரு நூலே எழுதினார். அதன் பின்னால் அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் அறிவு இருந்தது. தொண்டைமண்டல நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அந்த விளக்கத்தில் தொங்கியது. திருமலையிலோ மிராசு நிலத்தைத் தாண்டிப் பூசைக்கும் மடைப்பள்ளிக்கும் உரிய பரம்பரை உரிமையாக வாழ்ந்தது. 1987-இன் ஆந்திர அறநிலையச் சட்டம் அதை ஒழித்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இவ்வளவு நடந்த பின்னும் ஆங்கில அகராதிகளில் மிராசு நில உரிமையோடு நிற்கிறது. கோயிலுக்குள் பேஷ்கார் என்ற பதவி இன்றும் இருக்கிறது. கும்பெனிக் கச்சேரியில் அந்தப் பெயரில் இருந்தவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1821-இல் சித்தூர் அதிகாரி புரூஸ் கோயில் நிர்வாகத்துக்கு விதிகள் வகுத்தார். 1843-இல் கும்பெனி ஹாதிராம்ஜி மடத்திடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1933-இல் தேவஸ்தானம் வந்தது. ஆட்சி மாறினாலும் பதவிப் பெயர்கள் தொடர்ந்தன.

இந்தச் சொற்களிலெல்லாம் என்னை மிகவும் வருத்துவது பறையரின் பெயரை ஆங்கிலம் கையாண்ட விதம். பறை முழக்கியதால் வந்த பெயர் என்று சொல்லப்படும் ஒரு சமூகத்தின் பெயரை, ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச்சொல்லாக ஐரோப்பா மாற்றியது. அது தவறான வழக்கு என்று 1886-இலேயே ஹாப்சன்–ஜாப்சன் தெளிவாக எழுதிவிட்டது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்து அந்தச் சொல்லைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார். 1922-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு தன் பதிவுகளில் ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களை ஏற்றது. தமிழும் தெலுங்கும் கலந்த சித்தூர் போன்ற மாவட்டத்தில் இரு பெயர்களுமே பொருந்தின. இத்தனைக்குப் பிறகும் உலகப் பத்திரிகைகள், விலக்கிவைக்கப்பட்ட நாட்டை அந்தப் பெயராலேயே எழுதுகின்றன. இந்தியாவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை இழிவுபடுத்தப் பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொன்னால் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும். ஆங்கில அகராதிகளில் சில அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்கின்றன. ஆனால் இதைப் பயன்படுத்துவது உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தைப் புண்படுத்தும் என்ற எச்சரிக்கை ஒவ்வோர் அகராதியிலும் இருந்தாக வேண்டும். மற்ற இனங்களை இழிக்கும் சொற்களுக்கு அகராதிகள் அப்படிக் குறிப்பு இடுகின்றன. இதற்கு மட்டும் தயக்கம் காட்டுவதில் நியாயம் இல்லை.

ஆக, பழைய அகராதிகளை நாம் மதிக்க வேண்டும். அவற்றோடு நின்றுவிடக் கூடாது. அவற்றின் பலம், சொல் எப்போது எந்த ஏட்டில் வந்தது என்ற சான்று. அவற்றின் குறை, சொல்லைப் பேசியவரைக் கேட்காதது. நெல் விளைவித்தவர், ஏரியில் மடை திறந்தவர், காட்டில் விறகு எடுத்தவர், கோயிலில் மடைப்பள்ளி பார்த்தவர் என்ற யாரிடமும் வில்சனோ யூலோ கேட்டதில்லை. பிரவுன் ஓரளவு கேட்டார். அவர் விளக்கங்களின் உயிர்ப்புக்கு அதுவே காரணம்.

இன்று காலம் நெருக்குகிறது. தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திரத்தில் 1984-இலும் கர்ணம், முன்சீப் போன்ற பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிந்தன. அந்தக் கணக்குகளை எழுதத் தெரிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய கார்வேட்டிநகரம், புங்கனூர், காளஹஸ்தி ஜமீன் சொற்களைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் இன்னும் குறைவு. காகிதத்துக்கும் உத்தரவாதமில்லை: 2024 ஜூலையில் மதனப்பள்ளி சார் ஆட்சியர் அலுவலகத்தில் பற்றிய தீயில் நிலக் கோப்புகள் எரிந்தன. தமிழ்நாட்டுத் தாலுகாக்களில் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதோடு 590 சேர்த்தால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும் என்பதைக்கூட மனுக்கொடுக்க வருபவர் அறியாமல் நிற்கிறார். திருத்தணிப் பக்கத்து விவசாயியின் பழைய நிலப்பத்திரம் தெலுங்கில் இருக்கும், புதியது தமிழில் இருக்கும், இடையில் உள்ள உத்தரவு இந்தப் பழைய ஆங்கிலத்தில் இருக்கும். மூன்றையும் சேர்த்து விளக்கும் கையேடு ஒன்று அவர் கையில் இருந்தால் தரகரிடம் போக வேண்டியதில்லை.

அந்தக் கையேட்டை உருவாக்கத் தகுந்த இடம் குப்பத்தில் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் சந்திக்கும் மூலையில் 1997-இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இத்தகைய பணிக்காகவே பிறந்தது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கடப்பையில் பிரவுன் வாழ்ந்த இடத்தில் அவர் பெயரால் மொழி ஆய்வு மையம் நடக்கிறது. தேவஸ்தானத்தின் பழங்கணக்குகளும் சித்தூர் ஆட்சியர் அலுவலக ஏடுகளும் இந்த மூன்றுக்கும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. இவை சேர்ந்து சொல்லுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கி, ஆங்கில வடிவம், தமிழ், தெலுங்கு வடிவங்கள், பழைய கோப்பில் வந்த பொருள், இன்று மக்கள் சொல்லும் பொருள் ஆகிய எல்லாவற்றையும் தொகுக்க வேண்டும். இரு மாநில அரசுகளும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் திருத்திக்கொள்ளும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாம் தொகுத்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பட்டா, கிஸ்து ரசீது, கோயில் மானியத் தீர்ப்பு நகல் இருந்தால் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லையும் படித்துக்காட்டி, அவர் சொல்லும் பொருளைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு நகலை மேலே சொன்ன நிறுவனங்களில் ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள்.